கடல் கொண்ட வயலில் கிளுவைகள்: சிப்பிகாட் சதுப்புக்குப் பாதுகாப்பு எங்கே?

புது தில்லி: அந்தமான் தலைநகரிலிருந்து வண்டூர் கடற்கரைக்குச் செல்லும் சாலை, கராச்சர்மா குடியிருப்புகளைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றதும் திடீரென நீரின் நடுவே ஓடத் தொடங்குகிறது. இருபுறமும் கோரையும் புதர்களும் சூழ்ந்த நீர்ப்பரப்பு. கரையோரங்களில் அலையாத்திச் செடிகள். புதிதாக வருவோருக்கு மழை வெள்ளம் தேங்கி நிற்பதாகவே தோன்றும். ஆனால், இது வடியாத வெள்ளம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் வந்த நீர், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பிப் போகவில்லை.

இதுதான் சிப்பிகாட். நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஒரு காலத்தில் நெல்லும் காய்கறியும் விளைந்த இந்தத் தாழ்நிலம், இன்று தெற்கு அந்தமானில் நீர்ப்பறவைகளைக் காண விரும்புவோர் முதலில் தேடி வரும் இடம். அதே வேளையில், நிலத்தை இழந்த குடியானவர்களுக்கு இது ஆறாத காயம். வளர்ந்துவரும் நகருக்கோ, சாலையோரத்தில் கிடக்கும் தாழ்நிலம்.

ஒரே இடத்தின் மீது மூன்று பார்வைகள். இவற்றுக்கிடையே எது நிற்கும், எது போகும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் தீவில் இல்லை. சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசம் என்பதால், துணைநிலை ஆளுநர் வழியாக இந்தத் தீவுகளை ஆள்வது தில்லியே. ஈரநிலச் சட்டங்களை வகுப்பதும் தில்லியே. சிப்பிகாட்டின் கதை தலைநகரில் கவனிக்கப்பட வேண்டியதாவது இதனால்தான்.

நிலம் தாழ்ந்த காலை

2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய நிலநடுக்கம், வடக்கு நோக்கி அந்தமான் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கடலடி நிலத்தைப் பிளந்தது. அதன் அளவு 9.1 எனக் கணக்கிடப்பட்டது. தொடர்ந்து வந்த ஆழிப்பேரலையில் அந்தமான் நிகோபாரில் மட்டும் 3,500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர் என்பது அரசின் கணக்கு.

அலை வந்து போனது. ஆனால், அதைவிட நிலையான ஒரு மாற்றத்தை நிலநடுக்கம் விட்டுச் சென்றது. தீவுக்கூட்டமே ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தது. வடக்கு அந்தமானின் கரையோரங்கள் மேலெழுந்தன. அங்கே பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து வெயிலில் மடிந்தன. தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கியது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது.

ஒரு மீட்டர் என்பது மலைச்சரிவில் பெரிய செய்தியல்ல. கடல் மட்டத்தை ஒட்டிக் கிடந்த வயலுக்கு அதுவே எல்லாமும். தெற்கு அந்தமானில் மலைகளுக்கு நடுவே, கழிமுகங்களை ஒட்டிய பள்ளத்தாக்குகளில்தான் நெல் சாகுபடி நடந்தது. உப்புநீர் புகாதிருக்க மண் கரைகளும் மதகுகளும் போடப்பட்டிருந்தன. நிலமே தாழ்ந்தபோது அவற்றால் பயன் இல்லாமற்போனது. அலை திரும்பிய பிறகும் ஒவ்வொரு நாளும் இரு வேளை ஓதம் ஏறியது, வயலில் நின்றது, இறங்கியபோதும் முழுதாக வடியவில்லை. சிப்பிகாட், ஓக்ராபிராஜ், சௌல்தாரி எனப் பல கிராமங்களில் இதே நிலைதான்.

இந்த நிலங்களின் பின்னணியையும் நினைவில் கொள்ள வேண்டும். தண்டனைக் குடியேற்றக் காலத்தில் தங்கிவிட்டவர்களின் வழிவந்தோர், 1949 முதல் மத்திய அரசால் குடியமர்த்தப்பட்ட கிழக்கு வங்க அகதிகள், பின்னர் தமிழகம், ஆந்திரம், கேரளம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஆகியோர்தான் தெற்கு அந்தமானின் கிராமங்களை உருவாக்கியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 சதவீதம். காட்டைத் திருத்திப் பெற்ற நிலமே இவர்களில் பலருக்கும் ஒரே சொத்து. ஒரு தலைமுறைக்குள் அது கடலுக்குப் போனது.

போர்ட் பிளேரில் உள்ள மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அப்போது மாற்று வழிகளைத் தேடியது. உவர் தாங்கும் நெல் ரகங்கள் உருவாக்கப்பட்டன. தாழ்நிலத்தில் மண்ணை வாரி அகலமான மேட்டுப் பாத்திகள் அமைத்து அவற்றில் காய்கறியும், இடையே உள்ள பள்ளங்களில் மீனும் வளர்க்கும் முறை பரப்பப்பட்டது. ஓரங்களில் இருந்த நிலங்களுக்கு இவை கைகொடுத்தன. ஓதம் நாள்தோறும் ஏறி இறங்கிய ஆழமான பகுதிகளை எந்தப் பாத்தி முறையாலும் மீட்க முடியவில்லை.

வந்து சேர்ந்த விருந்தாளிகள்

மனிதர் கைவிட்ட இடத்துக்கு மற்ற உயிர்கள் வந்தன. வயல் மூழ்கியபோது அதன் மேற்பகுதியில் மழைநீரும் கீழ்ப்பகுதியில் கடல்நீரும் கலந்து நின்றன. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடமாதலால் நன்னீர் வரத்துக்குக் குறைவில்லை. நன்னீரும் உவர்நீரும் சந்திக்கும் இத்தகைய இடங்களில்தான் புழுக்களும் நத்தைகளும் மீன்குஞ்சுகளும் பெருகும். அவற்றைத் தேடிப் பறவைகள் வரும்.

நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் விடியற்காலையில் வருவோருக்குச் சாலையோரத்தில் நின்றபடியே பல வகைப் பறவைகளைக் காண முடிகிறது. செந்நாரையும் வெண்கொக்குகளும் கரையோரம் அசையாமல் நிற்கின்றன. நீலத் தாழைக்கோழிகள் கோரையை விலக்கி நடக்கின்றன. சீழ்க்கைச் சிறகிகள் கூட்டமாக எழுந்து வட்டமிட்டு மீண்டும் அதே இடத்தில் இறங்குகின்றன. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி, குளிர்காலத்தைக் கழிக்க இந்தச் சேற்றுக்கு வருகிறது. வெண்வயிற்றுக் கடற்கழுகு மேலே வட்டமிடும்போது, கீழே இருப்பவை அனைத்தும் ஒரு கணம் அடங்கிப் போகின்றன.

இவை எல்லாவற்றையும்விடப் பறவை ஆர்வலர்கள் தேடுவது ஒரு சிறிய பழுப்பு நிற வாத்தை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட அந்தமான் கிளுவை அது. உலகில் அந்தமான் தீவுகளிலும் அவற்றை அடுத்த மியான்மரின் கோகோ தீவுகளிலும் தவிர வேறெங்கும் இது இல்லை. மரப்பொந்துகளில் கூடு கட்டும்; குளங்களிலும் நெல்வயல்களிலும் இரை தேடும். கோவையில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் ஆய்வாளர்கள் 1990-களில் எடுத்த கணக்கெடுப்பில் இதன் எண்ணிக்கை சில நூறுகளாகவே இருந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் தரப்படும் அதே பாதுகாப்பு இந்தச் சிறு பறவைக்கும் உண்டு.

முரண் இங்கேதான் இருக்கிறது. பறவைக்குச் சட்டத்தின் முதல் வரிசையில் இடம் உண்டு. அது இரை தேடும் நீருக்கு எந்த வரிசையில் இடம் என்பது எளிதில் விடை கிடைக்கும் கேள்வியாக இல்லை.

வருவோர் மறக்கக் கூடாத மற்றொரு குடியும் இங்கே உண்டு. உவர்நீர் முதலைகள், ஓதத்தோடு கழிமுகங்களில் ஏறி வருபவை. தெற்கு அந்தமானின் ஓடைகளிலும் சதுப்புகளிலும் நீருக்குள் இறங்கக் கூடாது என்னும் எச்சரிக்கை வெறும் சம்பிரதாயம் அல்ல. முன்பு மாடு மேய்த்த இடத்தில் இன்று முதலை கிடக்கலாம் என்பது, நிலத்தின் மாற்றம் எவ்வளவு முழுமையானது என்பதற்குச் சான்று.

சட்டத்தின் இடுக்கு

நாட்டின் ஈரநிலங்களைக் காக்கும் நோக்கில் 2017 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஈரநிலங்கள் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகளை வெளியிட்டது. இவை 2010-ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்தவை. புதிய விதிகளின் வரையறையில் நெல்வயல்கள் ஈரநிலம் ஆகா. குடிநீர், பாசனம், மீன் வளர்ப்பு, உப்பு உற்பத்தி ஆகியவற்றுக்காக மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளும் ஆகா. மேலும், வனச் சட்டங்கள், வனவிலங்குச் சட்டம், கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை ஆகியவற்றின்கீழ் வரும் ஈரநிலங்களுக்கு இந்த விதிகள் பொருந்தா. அவற்றை அந்தந்தச் சட்டங்களே பார்த்துக்கொள்ளும் என்பது இதன் பொருள்.

சிப்பிகாட்டை இந்த வரையறையின்முன் நிறுத்திப் பார்த்தால் சிக்கல் புரியும். ஆவணத்தில் அது பெரும்பாலும் வயல். நேரில் பார்த்தால் சதுப்பு. ஓதம் ஏறும் பகுதி கடலோர விதிகளின் எல்லைக்குள் வரும். மழைநீர் தேங்கும் மேற்பகுதியோ அந்த எல்லைக்கு வெளியே விழலாம். அது காடும் அல்ல, சரணாலயமும் அல்ல. ஒரே நீர்ப்பரப்பு, ஒரே பறவைக் கூட்டம். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் இன்னொன்று.

அந்தக் கோடும் நிலையானதாக இல்லை. தீவுகளுக்கென 2011-இல் வெளியான பாதுகாப்பு மண்டல அறிவிக்கை, உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை விதித்திருந்தது. 2019 மார்ச்சில் வந்த புதிய அறிவிக்கை, தெற்கு அந்தமான் உள்ளிட்ட பெரிய தீவுகளுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. அலையாத்திக் காடுகளுக்குத் தனிப் பாதுகாப்பு தொடர்கிறது. ஆனால், அலையாத்தி இன்னும் அடர்ந்து வளராத திறந்த நீர்ப்பரப்புக்கும் சேற்றுவெளிக்கும் அந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைத்துவிடாது. கிளுவைகளும் உள்ளான்களும் இரை தேடுவது இத்தகைய வெளிகளிலேதான்.

உச்ச நீதிமன்றம் இந்தப் பிரச்னையைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. நாட்டில் செயற்கைக்கோள் மூலம் அடையாளம் காணப்பட்ட 2,01,503 ஈரநிலங்களை அதே நிலையில் காக்க வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் அது உத்தரவிட்டது. 2021-இல் வெளியான புதிய வரைபடத் தொகுப்பில், 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களின் எண்ணிக்கை 2,31,195 ஆனது. இவற்றை நேரில் அளந்து எல்லை குறிக்கும் பணியை மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் 2024 டிசம்பரில் நீதிமன்றம் கெடு விதித்தது. செயற்கைக்கோளுக்கு வயல் என்னும் பட்டா தெரியாது. அது தண்ணீரை மட்டுமே பார்க்கும். எனவே சிப்பிகாட் போன்ற இடங்களுக்கு இந்த அளவைப் பணி பெரும் வாய்ப்பு.

சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையில் இந்தியா 1982-இல் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டில் இந்தியாவின் ராம்சர் தலங்கள் 90-ஐத் தாண்டின. அவற்றில் 20 தமிழகத்தில் உள்ளன. அலையாத்திக் காடுகளுக்கும் கழிமுகங்களுக்கும் பெயர்பெற்ற அந்தமான் நிகோபாரிலிருந்து, அந்த ஆண்டு இறுதிவரை ஓர் இடம்கூட அப்பட்டியலில் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பள்ளிக்கரணை தரும் பாடம்

நகர விளிம்பில் இருக்கும் சதுப்பு எப்படிச் சுருங்கும் என்பதற்குத் தமிழர்கள் தொலைவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. தென்சென்னையின் பள்ளிக்கரணை, ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் பரந்து கிடந்தது. குப்பைக் கிடங்கு, சாலைகள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டன. 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தபோது எஞ்சியிருந்து பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். அதன் பிறகும் எல்லை எது என்னும் சர்ச்சை ஓயவில்லை. 2025-இல் சதுப்பு எல்லைக்குள் கட்டுமானத்துக்கு அனுமதி தரப்பட்டதாக எழுந்த புகார் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2015 வெள்ளத்தில் சென்னை கொடுத்த விலையோடு சேர்த்துப் பார்த்தால், சதுப்பை இழந்த நகரம் எதை இழக்கிறது என்பது விளங்கும்.

ஸ்ரீ விஜயபுரம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் வளர்ச்சியின் திசை தெளிவாகவே இருக்கிறது. 2011-லேயே நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆண்டுக்கு 50 லட்சம் பயணிகளைக் கையாளக்கூடிய விமான நிலைய முனையம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. மலையும் கடலும் காடும் நெருக்கும் தீவில் சமதளமான நிலம் அரிது. நெடுஞ்சாலையை ஒட்டிய தாழ்நிலத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டினால் அது மனைக்கட்டு ஆகிவிடும். எந்த நகரத்திலும் சதுப்பு அழிவது இப்படித்தான். ஒரே நாளில் அல்ல, ஒவ்வொரு லாரியாக.

காகிதப் பாதுகாப்பின் எல்லை

அப்படியானால் அரசிதழில் அறிவித்துவிட்டால் போதுமா என்னும் கேள்வி எழுகிறது. அந்தமான் நிகோபாரின் அண்மைக் கால வரலாறு அதற்கு ஊக்கமூட்டும் பதிலைத் தரவில்லை. கிரேட் நிகோபாரின் கலாத்தியா விரிகுடா, தோணி ஆமை என்று தமிழில் அழைக்கப்படும் பேராமைகள் கரையேறி முட்டையிடும் இடம். 1997-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த இடம், சரக்குப் பெட்டக மாற்று முனையம் அமைப்பதற்காக 2021 ஜனவரியில் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் ஆகியவற்றை 166 சதுர கிலோமீட்டரில் அமைக்கும், அப்போது சுமார் 72,000 கோடி ரூபாயாக மதிப்பிடப்பட்ட திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. ஈடாக லிட்டில் நிகோபார் உள்ளிட்ட வேறு தீவுகளில் புதிய சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன.

நாட்டின் பாதுகாப்புக்கும் வர்த்தகத்துக்கும் இத்திட்டம் தேவை என்கிறது மத்திய அரசு. ஷோம்பென், நிகோபாரி பழங்குடியினரின் வாழ்வும் ஈடு செய்ய முடியாத மழைக்காடும் அழியும் என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஓர் உண்மை மாறாது: ஓர் அறிவிக்கையால் கிடைத்த பாதுகாப்பை மற்றோர் அறிவிக்கையால் எடுத்துவிட முடியும். எடுக்க முடியாமல் நிற்பது, அங்கே வாழும் மக்களும் சேர்ந்து காக்கும் பாதுகாப்பு மட்டுமே.

இரு தரப்புக்கும் நியாயம்

சிப்பிகாட்டில் மக்கள் சேர வேண்டுமானால் முதலில் அவர்களது இழப்பை அரசு ஏற்க வேண்டும். பட்டா கையில் இருக்கிறது, நிலமோ நீருக்கடியில். அந்த நீர்ப்பரப்பைப் பறவைகளுக்கான இடம் என்று அறிவித்துவிட்டு உரிமையாளரை மறந்தால், இயற்கை ஒருமுறை பறித்ததை அரசு இரண்டாம் முறை பறித்ததாகிவிடும். அத்தகைய நிலையில், மண் கொட்ட வரும் லாரி உரிமையாளருக்கு எதிரி அல்ல, ஒரே வாய்ப்பு. சதுப்பைக் காக்கும் செலவு எவ்வளவு என்று கேட்போர், நிலத்துக்கு ஈடோ மாற்று நிலமோ கொடுத்துச் சதுப்பை அரசுடைமையாக்கும் வழியை முதலில் கணக்கிட வேண்டும். பறவை பார்க்க வருவோருக்கு வழிகாட்டும் பணியும் அதன் வருவாயும் அக்கிராமத்தாருக்கே போய்ச் சேருவது அடுத்த படி.

இதில் அவசரத்துக்கு மற்றொரு காரணமும் உண்டு. 2004-இல் தாழ்ந்த நிலம், பின்வந்த ஆண்டுகளில் மெல்ல மெல்லச் சிறிதளவு உயர்ந்ததைச் செயற்கைக்கோள் வழி அளவீடுகள் காட்டின. மறுபுறம், வெப்பமடையும் புவியில் கடல் மட்டம் உயர்ந்துவருகிறது. இரண்டில் எது முந்தும் என்பதைப் பொறுத்தே சிப்பிகாட்டின் வடிவம் மாறும். வயலாக இருந்தது சதுப்பானது போல, இன்றைய திறந்த நீர்ப்பரப்பு நாளை அலையாத்திக் காடாகலாம். நகரும் கரையைக் காக்க, நகராத கோடு போதாது. உள்நோக்கி நகர அதற்கு இடம் விட்டுவைக்க வேண்டும்.

இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே பேரழிவு காட்டியிருக்கிறது. நிகோபார் தீவுகளில் நிலம் ஆழமாகத் தாழ்ந்ததால் 97 சதவீத அலையாத்திக் காடு அழிந்தது என்று ஆய்வுகள் கூறுகின்றன. அங்கே மீண்டும் துளிர்த்தவை, கடல் புதிதாகப் புகுந்த தாழ்நிலங்களில் இடம் கிடைத்தவையே. அந்தமான் நிகோபாரில் எஞ்சியுள்ள அலையாத்திக் காடுகள், இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி 616 சதுர கிலோமீட்டர். அடுத்த பேரலை வரும்போது கரைக்கும் ஊருக்கும் இடையே நிற்கப் போவது அவைதான்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை மாற்றியபோது, இந்தத் தீவுகள் ஒரு காலத்தில் சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கியதை மத்திய அரசு நினைவுகூர்ந்தது. பெயரை மாற்ற ஓர் அறிவிப்பு போதுமானதாக இருந்தது. நகரின் வாயிலில் கிடக்கும் சதுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதில் யாருக்கு என்ன உரிமை என்பதை அளந்து எழுதுவதற்கோ, அதிகாரிகள் சேற்றில் இறங்கி நடந்தாக வேண்டும். உச்ச நீதிமன்றம் கேட்டிருப்பதும் அதைத்தான்.